மெனுவுக்குப் பின்னால் இருக்கும் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்

பூனாகலை, கொஸ்லந்தை, பண்டாரவளைப் பக்கத்துப் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நமது தோட்டப் பாடசாலைகளுக்கு வரும் கணினிகளில் பல, வேறு எங்கோ பாவித்து முடித்தவை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11 இந்தப் பழைய மெஷின்களில் ஏறாது. ஆனால் 4 ஜிபி ரெம் இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும், காசும் இல்லை. அதனால் இனி நமது பிள்ளைகளில் பலர் முதலில் தொடப்போவது லினக்ஸாகத்தான் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேரளாவில் அரச பாடசாலைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் படிக்கின்றன. நமது நாட்டிலேயே ஃபெடோராவை வைத்து ‘ஹந்தான லினக்ஸ்’ செய்திருக்கிறார்கள்.

என் கவலை வேறு. லினக்ஸைப் போட்டுவிட்டு அதையும் படத்தை அழுத்தும் பெட்டியாகவே வைத்திருக்கிறோம். “இந்த ஐகனை அழுத்து, அது திறக்கும்” என்பதோடு பாடம் முடிகிறது. அழுத்தியும் திறக்காவிட்டால் பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

தோட்டத்தில் ஒருவருக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று இருக்கும், செக்ரோலில் பதிந்த பெயர் வேறாக இருக்கும். சம்பளம் வருவது செக்ரோல் பெயரில்தான். கணினியிலும் அப்படித்தான். உபுண்டு மெனுவில் ‘ஃபைல்ஸ்’ என்று இருப்பதன் பதிவுப் பெயர் நாட்டிலஸ். மின்ட்டில் அதே வேலையைச் செய்வது நெமோ. மின்ட்டின் ‘டெக்ஸ்ட் எடிட்டர்’ உண்மையில் எக்ஸ்-ஈ-டி என்ற மூன்றெழுத்துக் கட்டளை. டேர்மினலில் இந்தப் பெயரைச் சொன்னால்தான் நிரல் எழுந்து வரும்.

பதிவுப் பெயரை எங்கே தேடுவது? யு-எஸ்-ஆர் கோப்புறைக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’. மெனுவில் இருக்கும் பெரும்பாலான நிரல்களுக்கு அங்கே ‘டொட் டெஸ்க்டொப்’ என்று முடியும் ஒரு சிறிய கோப்பு உண்டு. ஸ்னாப், ஃபிளாட்பெக் வழியாக நிறுவியவை மட்டும் வேறு இடத்தில் இருக்கும். அந்தக் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் ‘நேம்’ என்று தொடங்கும் வரியில் மெனுப் பெயர் இருக்கும். பல நிரல்களில் அதன் கீழேயே தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் வரிசையாக இருக்கும். ‘எக்ஸெக்’ என்று தொடங்கும் வரிதான் நமக்கு வேண்டியது. சமக்குறிக்குப் பின்னால் இருப்பது கட்டளை. கடைசியில் % குறியோடு ஓர் எழுத்து நின்றால் அதை விட்டுவிடுங்கள். திறக்கவேண்டிய கோப்பின் பெயர் வந்து உட்காரும் இடம் அது. கண்ட்ரோல், ஓல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேர்மினல் வரும். கட்டளையை அதில் தட்டி என்டர் கொடுங்கள், அவ்வளவுதான்.

“ஐகன் இருக்கும்போது இது எதற்கு சேர்?” என்று கேட்பீர்கள். ஐகன் வேலை செய்யாதபோது வாய் திறக்காது. டேர்மினல் காரணத்தைச் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு கணினி அறையில் லிப்ரே ஆபிஸ் திறக்கவில்லை. டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று பேச்சு வந்தது. வேன் கூலி, திருத்தக் கூலி, இரண்டு வாரம் வகுப்பும் இல்லை. பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி ‘எக்ஸெக்’ வரியைப் பார்த்து டேர்மினலில் தட்டினாள். டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாரோ இறக்கி வைத்திருந்த படங்களை அழித்தார்கள், லிப்ரே ஆபிஸ் திறந்தது. ஒரு சதம் செலவில்லை.

ஆசிரியர்களுக்கும் லாபம் உண்டு. தவணைப் பரீட்சைக்கு 40 வினாத்தாள் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்க ஒவ்வொன்றாகத் திறந்து மூடத் தேவையில்லை. லிப்ரே ஆபிஸின் கட்டளை தெரிந்தால் ஒரே வரியில் எல்லாவற்றையும் மாற்றலாம். அந்த வசதியை எந்த ஐகனும் காட்டாது.

“பிள்ளைகள் தட்டிக் கெடுத்துவிடுவார்கள்” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மாணவருக்குத் தனிக் கணக்கு கொடுத்து, நிர்வாகக் கடவுச்சொல்லை ஆசிரியர் வைத்துக்கொண்டால், பிள்ளை தன் கோப்புகளைத்தான் கெடுக்க முடியும், கணினியின் அமைப்பை அல்ல. இங்கிலீஷ் கஷ்டம் என்பதும் பெரிய தடையில்லை. ஒரு தவணைக்கு இருபது சொல் போதும். புது ஃபோனின் செட்டிங்ஸ் முழுவதையும் ஒரே இரவில் கண்டுபிடிக்கும் பிள்ளைகளுக்கு இருபது சொல் பாரமா?

சாதாரண தரத்து ஐ.சி.டி. பாடத்தில் கட்டளைவரி இடைமுகம் பற்றி வருகிறது. நமது பிள்ளைகள் வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்து புள்ளி எடுக்கிறார்கள். கறுப்புத் திரையை ஒருமுறைகூடத் தொடாமலே எடுக்கிறார்கள். பிறகு கொழும்புக்குப் போய்க் கடையில் பில் அடிக்கும் பட்டனை அழுத்துகிறார்கள். அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மெஷின் நின்றால் திருத்த வருபவனும் நமது லயத்துப் பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது?

ஆகவே ஒரு வேண்டுகோள். கணினி அன்பளிப்பு செய்யும் நல்லுள்ளங்களே, கொடுப்பதோடு நிற்காமல் “பிள்ளைகள் டேர்மினல் திறக்கிறார்களா?” என்றும் கேளுங்கள். சக ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளை மெனுவை மூடிவிட்டு, கட்டளையால் மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள். பெற்றோரே, பாடசாலைக் கூட்டத்தில் கணினி அறையின் சாவி யாரிடம், வாரத்தில் எத்தனை மணித்தியாலம் திறக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைக்குள் பெட்டிகளை அடுக்கிவைத்துப் பெருமைப்பட்டு ஒரு பயனும் இல்லை.

விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் நானும் வருகிறேன்.