விக் அணியப் போகும் சகோதரிக்கு



எங்கள் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், முப்பது ஆண்டுகளாக ஞாயிறு பூசையில் முன்வரிசையில் நின்றவர், திடீரென வருவதை நிறுத்திக்கொண்டார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, சேலத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். உடல் தளர்ச்சியே காரணம் என்று எண்ணி, நற்கருணையோடு அவர் இல்லம் சென்றேன். இராசிபுரம் சாலையிலிருந்து உள்ளே, மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீடு. தலையில் ஒரு குற்றாலத் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல வேண்டுமென்ற அவசரத்தில், "முடிதானே டீச்சரம்மா, ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "மாரை எடுத்தப்போ யாருக்கும் தெரியலீங்க சாமி. முடி போனப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுது" என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைச் சந்தித்து வரும் எனக்கு, அந்த ஒரு வாக்கியம் போல் எந்தக் குருமடப் பாடமும் உறைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்? வேளாங்கண்ணிக்கா?" என்று கேட்டாராம், இவரும் ஆமென்று தலையசைத்துவிட்டாராம். அந்தச் சிறு பொய் நோயைவிட அதிகமாக அவரை வாட்டிக்கொண்டிருந்தது. (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, திண்ணையில் அமர்ந்து சொன்னது. எழுதுவதற்கு அவரிடம் அனுமதியும் பெற்றுள்ளேன்.)

மகளுக்குத் திருமணம் நிச்சயமாகி இரண்டே மாதங்கள் இருந்தன. மணமேடையில் நிற்க மாட்டேன், நிழற்படத்திலும் இருக்க மாட்டேன் என்று பிடிவாதம். மகன் வாங்கி அனுப்பிய விக் ஒன்று பீரோவுக்குள் உறையோடு கிடந்தது. ஒருமுறை அணிந்து பார்த்தபோது பேரன் சிரித்துவிட்டானாம். அதன்பின், இத்துறை அறிந்த செவிலியர்களையும், விக் செய்யும் தொழிலாளி ஒருவரையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். ஒரு குருவானவர் இதையெல்லாம் எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.

முதலில் வெட்கத்தைப் பற்றி. நம் பக்கத்தில் 'டோப்பா' என்ற சொல்லையே சிரிப்போடுதான் சொல்கிறோம். தெருக்கூத்திலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்த சிரிப்பு அது. ஆனால் சவுரி வைத்துப் பின்னாத மணமகளை உங்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறீர்கள்? அந்தச் சவுரி யார் தலை முடி? பழைய முடிக்குப் பாத்திரம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வருபவரிடம், சீப்பில் சிக்கியதைச் சுருட்டிச் சுவரிடுக்கில் செருகி வைத்திருந்து விற்றவர்கள் நம் வீட்டுப் பெண்களே. பிறர் முடியைச் சூடுவது மணமகளுக்கு அலங்காரம், நோயாளிக்கு மட்டும் ஏமாற்று என்பது என்ன நியாயம்?

ஆயினும் வெட்கத்தின் வேர் ஆழமானது. மானத்தைச் சொல்ல வந்த வள்ளுவரே கவரிமாவையும், தலையினின்று விழுந்த மயிரையும் உவமையாக எடுத்துக்கொண்டார். அத்தகைய மொழியில் பிறந்தவரிடம் போய் "முடிதானே" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியவை. எல்லாப் புற்றுநோய் மருந்துகளாலும் முடி உதிர்வதில்லை. ஆகையால் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். உதிரும் என்றால், பெரும்பாலும் முதல் மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கும். விக் தேட வேண்டியது அதற்கு முன்புதான். தலையில் முடி இருக்கும்போதே நல்ல வெளிச்சத்தில் ஒரு நிழற்படம் எடுத்து, ஒரு கற்றையை வெட்டி உறையிலிட்டு வைத்துக்கொண்டால், நிறமும் வகிடும் பொருந்தச் செய்யலாம். நம் பெண்கள் கேட்பது எப்போதும் கன்னங்கரேல் என்ற கறுப்பு. சிகிச்சையால் வெளிறிய முகத்துக்கு அது ஒட்டாது. சற்றே பழுப்புக் கலந்த கறுப்பும், ஐம்பதைக் கடந்தவர்க்கு இடையிடையே சில நரையும் இருந்தால்தான் பார்ப்பவர் கண் அங்கே நிற்காமல் கடந்து செல்லும்.

அளவு எடுப்பது எளிது. தையற்காரரின் நாடாவை நெற்றியின் முடி தொடங்கும் கோட்டிலிருந்து காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பிடரியில் சுற்றிவரப் பிடியுங்கள். வளர்ந்த பெண்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 57 செண்டிமீட்டர் வரும். முடி உதிர்ந்த பின் இந்தச் சுற்றளவு குறைந்துவிடும் என்பதை மறவாதீர்கள். பிடரிப் பக்கம் இறுக்கவும் தளர்த்தவும் பட்டிகள் உள்ளதையே வாங்க வேண்டும். ஆசிரியைக்கு நேர்ந்த தொல்லை இதுதான்: அவருடையது அரை அங்குலம் பெரிது.

செயற்கை இழையா, மனித முடியா என்று கேட்பார்கள். செயற்கை இழை சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். எடை குறைவு, கழுவினாலும் வடிவம் மாறாது. நாள்தோறும் அணிந்தால் சில மாதங்களே உழைக்கும். மனித முடி பார்வைக்கு இயல்பானது, கவனமாகப் பேணினால் ஓராண்டுக்கு மேலும் வரும். ஆனால் விலை பன்மடங்கு, ஒவ்வொரு முறையும் வாரிச் சீர்செய்ய வேண்டும். ஆறு மாதத் தேவைக்குக் கடன் வாங்கி மனித முடி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்; அந்தப் பணம் மருந்துக்கும் பழத்துக்கும் ஆகட்டும். இடுப்புவரை பின்னல் வேண்டுமென்ற ஆசையையும் சற்று ஒதுக்கி வையுங்கள். நீண்ட விக் கனமானது, பின்னுக்கு இழுக்கும். தோளளவு வைத்து ஒரு சிறு கொண்டை இடுவது போதும். மல்லிகைச் சரம் சூடலாம். ஆனால் ஊசியை அடிவலையில் குத்தினால் வலை கிழியும், முடியில் மட்டும் குத்துங்கள்.

கடையிலிருந்து வரும் புது விக் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருக்கும். பேரன் சிரித்தது பெரும்பாலும் அதனால்தான். நம்பிக்கையான முடிதிருத்துபவர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, உங்கள் தலையில் வைத்தபடியே அடர்த்தியைக் குறைக்கச் சொல்லுங்கள். செயற்கை இழை மீண்டும் வளராது. ஆதலால் கொஞ்சம் கொஞ்சமாக.

அணியும் முறையில் ஒரு பிழையை ஏறக்குறைய எல்லாரும் செய்கிறார்கள்: பயத்தினால் நெற்றிவரை இழுத்துவிடுவது. புருவத்துக்கு மேல் நான்கு விரல் கிடையாக வைத்துப் பாருங்கள். உங்கள் சொந்த முடி தொடங்கிய கோடு ஏறத்தாழ அங்கே இருக்கும். முதலில் மெல்லிய பருத்தித் தொப்பி. தலையைச் சற்றுக் குனிந்து முன்விளிம்பை அந்தக் கோட்டில் பொருத்திப் பிறகு பின்னுக்கு இழுக்க வேண்டும். இரு காதுகளுக்கு முன்னும் சிறு மடிப்புகள் சமமாக வந்து விழுந்தால் விக் நேராக உள்ளது என்று பொருள். பட்டுத் தொப்பி வழுக்கும். நம் சேலத்துச் சித்திரை வெயிலில் பருத்தித் தொப்பியே நனைந்துவிடும். கைப்பையில் இன்னொன்று வைத்திருங்கள்.

கோவிலுக்கு வரும் தாய்மார்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. முக்காடு உங்களுக்குத் துணைதான். ஆனால் முழங்காலில் நிற்கும்போது முந்தானை காலடியில் சிக்கினால், அது விக்கையும் பின்னுக்கு இழுத்துவிடும். முந்தானையைத் தோளில் ஓர் ஊசியால் குத்திவிட்டுப் பிறகு முக்காடிடுங்கள். மெழுகுவத்தி ஏற்றுமிடத்தில் குனியவே வேண்டாம். செயற்கை இழை அனலிலேயே சுருங்கிப் போகும். விறகடுப்பு, இட்லிப் பானையைத் திறக்கும்போது எழும் ஆவி, இவற்றுக்கும் இதே எச்சரிக்கை. சமையலறையில் விக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துண்டு கட்டிக்கொள்வதே நல்லது. நோயில்பூசுதல் பெறும்போது விக்கைக் கழற்ற வேண்டுமோ என்று ஒருவர் என்னிடம் அச்சத்தோடு கேட்டார். எண்ணெய் பூசுவது நெற்றியிலும் கைகளிலும்தான்; கழற்ற வேண்டியதில்லை.

இங்கே ஒரு பழங்கதை. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெந்து என்னும் அறிஞர், பிறர் முடி சூடிய பெண்ணின் தலைமேல் குரு கைவைத்தால் ஆசீர் யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்டு எழுதினார். அவர் கண்டது அக்காலச் சீமாட்டிகளின் ஆடம்பரம். மருந்தால் முடியிழந்த ஒரு தாயை அவர் கண்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். நம் நாட்டு முடியும் இத்தகைய கேள்வியில் சிக்கியதுண்டு. 2004-ஆம் ஆண்டு மே மாதம், எருசலேமின் யூத மதத் தலைவர் ஒருவர், திருப்பதியில் காணிக்கையாக மழித்த முடியால் செய்த விக்கை அணியலாகாது என்று தீர்ப்பளிக்க, நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் அவ்விக்குகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். முடி சிறு பொருளல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வெயிலுக்கு வாரம் ஒருமுறை, குளிர்ந்த நீரில் சிறிது ஷாம்பு கலந்து அமிழ்த்தி எடுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. துண்டில் வைத்து ஒற்றி, கவிழ்த்த செம்பின்மேல் நிழலில் உலரவிடுங்கள். ஈரத்தில் வாரக் கூடாது; உலர்ந்தபின் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். இரவில் கழற்றிவிட வேண்டும்; தலையும் மூச்சு வாங்கட்டும். தலையில் கதிர்வீச்சுப் பெற்றவர்களும் புண் உள்ளவர்களும் மருத்துவர் அனுமதித்த பிறகே அணியலாம்.

முதல் வெளிப்பயணம் திருமண வீடாக இருக்க வேண்டாம். வீட்டில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் எனப் பழகி, பிறகு உங்களை அறிந்த ஒருவரோடு அருகிலுள்ள கடைவரை போய் வாருங்கள். பேருந்தில் சன்னலோரம் அமராதீர்கள். ஆசிரியை முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலைப் பூசைக்கு. கோவிலில் பதினோரு பேர் இருந்தார்கள்.

புழுவெட்டால் முடியிழந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பெயரில்தான் புழு, உண்மையில் உடலின் காப்பு ஆற்றலே தவறி மயிர்க்கால்களைத் தாக்குவது அது. தொற்றாது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளியில் அப்பிள்ளையைத் தனியே அமர்த்தும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் நல்லது.

இளைஞர்களும் இப்போது உச்சியில் 'பேட்ச்' ஒட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறார்கள். ஒட்டும் பசையை முதலில் கையின் உட்புறத்தில் ஒருநாள் வைத்துப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் பயன்படுத்துக. வேறொன்றும் கேட்கிறார்கள்: சொல்லாமல் மணந்தால் திருமணம் செல்லாதா? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1098-ஆம் எண், இல்லற வாழ்வையே கடுமையாகக் குலைக்கக்கூடிய தன்மை ஒன்றை வஞ்சகமாக மறைப்பதைப் பற்றியது. வழுக்கைத் தலை அவ்வகையில் சேராது. ஆனாலும் தம்பி, நிச்சயதார்த்தத்துக்கு முன் சொல்லிவிடு. திருமணத்தன்று இரவு அவள் தானாகக் கண்டுபிடிக்கும்படி விடாதே.

அக்கம்பக்கத்தாருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. விக் அணிந்து வந்தவரிடம் "தெரியவே இல்லை, அச்சு அசல் முடி மாதிரியே இருக்கிறது" என்று பாராட்டாதீர்கள். தெரிந்துவிட்டது என்பதைத்தான் அப்பாராட்டு அவருக்குச் சொல்கிறது. மழை வந்ததா, மஞ்சள் என்ன விலை போகிறது என்று கேளுங்கள்.

ஆசிரியை மகளின் மணமேடையில் நின்றார். நிழற்படத்தில் மணமகளின் இடப்புறம் அவர் இருக்கிறார். வெயர்வையைத் துடைக்கும் கைக்குட்டை மட்டும் கையில் தெரிகிறது. மருந்து முடிந்து சில வாரங்களில் மென்மயிர் அரும்பியது. ஐந்தாம் மாதம் சுருட்டையாக வளர்ந்தது. முன்பு அவருக்குச் சுருட்டை முடி இல்லை. இவ்வாறு மாறி வளர்வது உண்டு என்று செவிலியர் சொன்னார்.

வாங்க வசதியற்றோர்க்கு: திருச்சூரிலுள்ள அமலா மருத்துவமனை, அமலமரி கார்மேல் சபைக் குருக்களால் 1978-இல் தொடங்கப்பெற்றது. மக்கள் தானமாகத் தரும் முடியைக் கொண்டு விக் செய்வித்துப் புற்றுநோயாளர்க்கு இலவசமாக வழங்கிவந்துள்ளது. 2019-இல் பெண் காவலர் ஒருவர் தம் தலையை முழுவதும் மழித்து அங்கே முடி அளித்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். சேலத்திலிருந்து ஈரோடு, கோவை, பாலக்காடு வழியாகத் திருச்சூருக்கு நேர் ரயில் உண்டு. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, மருத்துவச் சான்றுடன் செல்லுங்கள்.

ஒருவர் முடியால் ஒரு விக் ஆவதில்லை. பலருடையது சேர வேண்டும். நம் பங்குப் பெண்கள் மூவர் தம் முடியைக் கொடுக்க விரும்புவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் மற்றவர்க்கும்: எண்ணெயின்றி அலசி நன்கு உலர்த்தி, இறுகப் பின்னி, பின்னலின் இரு முனைகளையும் ரப்பர் வளையத்தால் கட்டிய பிறகே வெட்டுங்கள். தரையில் விழுந்ததைக் கூட்டி எடுத்தால் பயன்படாது. எவ்வளவு நீளம் வேண்டும், சாயமிட்ட முடி ஆகுமா என்பதைப் பெறுகிற நிறுவனத்திடமே முதலில் கேட்டுவிடுங்கள். வெட்டிய பின் கேட்பதில் பயனில்லை.