குதிகால் திரும்பும் இடம்

கம்பளிக் காலுறை பின்னுவோரைக் கேட்டால், எல்லாரும் ஒரே இடத்தைத்தான் கடினமானது என்பர். அது குதிகால். நான்கு ஊசிகளில் 64 கண்ணிகளைப் பரப்பி, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னி வருவதற்குப் பொறுமை ஒன்றே போதும். குதிகால் வந்ததும் பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, பிறகு வரிசையை முடிக்காமலே இடையில் திருப்பித் திருப்பி, பின்னல் கிண்ணம் போல் குழியச் செய்ய வேண்டும். நூலைப் பத்து முறை படித்தும் விளங்காத இச்செயல், தெரிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து ஒரு முறை செய்து காட்டினால் விளங்கிவிடுகிறது.

கையால் சாயம் தோய்த்த கம்பளியிலும் இப்படியே. ஒரே தொட்டியில் தோய்த்த இரு சிட்டங்கள்கூட முற்றிலும் ஒரே நிறமாய் அமைவதில்லை. ஒரு சிட்டத்தில் ஒரு காலுறையும், மறு சிட்டத்தில் மற்றதுமாகப் பின்னினால் இரண்டும் இணை சேரா. "இரண்டு சுற்று இதிலும், இரண்டு சுற்று அதிலுமாக மாற்றி மாற்றிப் பின்னு" என்று பழகியவர் சொல்லும் ஒரு சொல், புதியவரின் பல நாள் உழைப்பைக் காக்கிறது.

வட இங்கிலாந்தில் டென்ட் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண், பெண், சிறுவர் அனைவரும் விற்பனைக்காகக் காலுறை பின்னினர். குளிர்கால இரவுகளில் அண்டை வீட்டார் முறை வைத்து ஒரு வீட்டில் கூடி, ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்து, கதையும் பாட்டுமாகப் பின்னினர் என்று வில்லியம் ஹோவிட் 1838-இல் எழுதினார். விறகும் விளக்கும் மிச்சமாயின. பிள்ளைகள் பெரியோர் விரல்களைப் பார்த்தே தொழில் கற்றனர்.

ஆயினும் அவ்வூரைப் பற்றிய மற்றொரு வரலாறும் உண்டு. ராபர்ட் சதி எழுதிய 'தி டாக்டர்' என்னும் நூலில் அது இடம்பெற்றுள்ளது. பத்து வயதும் நிரம்பாத சகோதரிகள் இருவர், பின்னல் கற்பதற்காக லாங்டேலிலிருந்து டென்ட்டுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே வேலையின் வேகமும் கடுமையும் தாளாமல், குளிர்காலத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டு, கால்நடையாகவே தாய்வீடு சேர்ந்தனர். அவர்களுள் ஒருத்தி பிற்காலத்தில் வாய்மொழியாகச் சொன்னதே அவ்வரலாறு.

ஊர் ஒன்று, ஊசியும் நூலும் ஒன்று. ஆனால், ஒரு பிள்ளை நெருப்பருகே கதை கேட்டுக்கொண்டே கற்றது; வேறொரு பிள்ளை பனியில் வீடு நோக்கி ஓடியது.

நம் இல்லங்களையும் எண்ணிப் பார்ப்போம். மகள் தையலோடும் மகன் கணக்கோடும் தடுமாறும்போது, நாம் அடுக்களையிலிருந்தே குரல் கொடுக்கிறோம், "இது கூடவா தெரியவில்லை?" என்கிறோம். பின்னுவோர் அப்படிச் சொல்வதில்லை. தவறிய கண்ணி வரை பொறுமையாகப் பிரித்து, ஊசியை மீண்டும் அந்தக் கையிலேயே கொடுக்கின்றனர். பிரித்ததனால் கம்பளி கெடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்று மாலை பிள்ளை தடுமாறும் இடத்தில், கால்மணி நேரமேனும் நாம் அருகில் அமர்வோமா?