கலைக்கு டிகிரி வேண்டாம் என்று சொல்வது யார்?

"சினிமாவுக்கும் ஓவியத்துக்கும் டிகிரி எதற்கு அக்கா? திறமை போதாதா?" கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு உதவி இயக்குநராகப் போகத் துடிக்கும் தம்பி தங்கைகள் இப்படிக் கேட்கிறார்கள்.

பாதி உண்மைதான். மும்பையில் டாக்சி ஓட்டிய நாம்தேவ் தசால் எந்தப் பட்டமும் வாங்கியவர் அல்ல. 1972இல் வந்த அவருடைய 'கோல்பிதா' மராத்திக் கவிதையையே உலுக்கியது. நம் பறைக் கலைஞர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் அடவு கற்றார்கள்? கலை ஒருநாளும் பட்டத்துக்காகக் காத்திருந்ததில்லை.

ஆனால் கலை செய்வது வேறு, கலையை வைத்துப் பிழைப்பது வேறு. பிழைப்புக்கான வாய்ப்பு அப்பாவின் நண்பர், மாமாவின் ஸ்டுடியோ, சொந்தக்காரரின் அலுவலகம் என்றுதான் வருகிறது. சம்பளம் சரியாக வராத வருடங்களில் வாடகைக்கு வீட்டிலிருந்து பணம் வரவேண்டும். இதெல்லாம் உள்ளவருக்கு டிகிரி தேவையில்லை. சாதியும் சொத்துமே அவருக்குச் சான்றிதழ். அவர் சொல்லும் அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா?

சினிமா கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது. அரசு கவின் கலைக் கல்லூரியில் உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18%, அதற்குள் அருந்ததியருக்கு 3%. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் ஆதிதிராவிடர் நல விடுதியும் போராடிப் பெற்றவை.

ஆவடி பக்கம் கரலப்பாக்கத்தில் பிறந்த பா. இரஞ்சித் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். திரைப்பட விழாக்களுக்குப் போனதும், 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' போன்ற படங்களைப் பார்த்ததும் அந்தக் காலத்தில்தான். நகரத்தில் தங்கும் உரிமை, யோசிக்க நேரம், உடன் நிற்கும் நண்பர்கள் ஆகியவற்றைக் கல்லூரி தருகிறது. மற்றவர்களுக்கு இவை பிறப்பிலேயே கிடைக்கின்றன.

கல்லூரிக்குள் சாதி இல்லையா? இருக்கிறது. ஆனாலும் அங்கே எதிர்த்துக் கேட்க மாணவர்கள் சேர்ந்து நிற்கலாம். தனியாக ஒரு கம்பெனியில் வேலை கேட்டு நிற்பவருக்கு அந்தத் துணையும் இல்லை.

ஆகவே, படைப்பாளியாக டிகிரி கட்டாயம் இல்லை. ஆனால் நம் முன்னோர் வாங்கித் தந்த இடத்தை, வசதியுள்ளவர் வார்த்தையை நம்பிக் காலியாக விடாதீர்கள். படித்துக்கொண்டே வரையுங்கள், எழுதுங்கள், குறும்படம் எடுங்கள். கூடவே, மாவட்டந்தோறும் அரசு கலைக் கல்லூரி கேட்டுக் குரல் கொடுங்கள்.

ஜெய்பீம்.