சராசரிக்குள் மறைந்த பெண்கள்

தாய்சேய் நலத்தில் இலங்கை ஈட்டிய வெற்றியை உலகம் புகழ்ந்து பேசுகின்றது. அப்புகழ் பொய்யன்று. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது தொட்டு, வீடு வீடாக நடந்து சென்று கர்ப்பிணிகளைப் பராமரித்த மருத்துவமாதரின் உழைப்பு அதிலே கலந்திருக்கின்றது. 1930களில் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மாரைப் பறிகொடுத்த இந்நாட்டில், 2019இல் அத்தொகை 30 அளவுக்கு இறங்கியிருந்தது. உலக வங்கி 2003இல் மலேசியாவையும் இலங்கையையும் ஏனைய நாடுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டி ஒரு நூலே வெளியிட்டது. இவற்றையெல்லாம் நாம் மறுக்கவில்லை. ஆனால், பெற்ற தாய் பிழைத்துக்கொண்டாள் என்ற கணக்கோடு பெண்ணின் நலம் முடிந்துவிடுகின்றதா? இனி எந்த நோயை ஆராய்வது, எந்தப் பெண்ணின் துன்பத்துக்கு முதலிடம் கொடுப்பது, அதனை யார் தீர்மானிப்பது என்பனவே இன்று எழுப்பப்பட வேண்டிய வினாக்களாகும்.

ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்படும் பணம் சிறிது, நோய்களோ பல. ஆகவே முன்னுரிமை வகுப்பது வெறும் விஞ்ஞான வேலையன்று, அது பங்கீடு. பங்கீடு என்று வந்தபின் அது அரசியலேயாம். பங்காளிகளுள் ஒருவரை அழையாமல் நடந்த பங்கீடு எந்த நீதிமன்றத்திலும் நிலைக்காது என்பதைக் காணி வழக்கு நடத்திய நம் வாசகர்கள் அறிவர்.

அழையாது விடுவதால் நேரும் கேட்டுக்கு வெளிநாட்டுச் சான்று ஒன்றைக் காட்டுவோம். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கச் சோதனைகளிலே சேர்க்கலாகாது என்று 1977இல் வழிகாட்டியது. கருவிலுள்ள குழந்தையைக் காப்பதே நோக்கம்; நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. விளைவு யாதெனில், ஆணின் உடலில் அளந்த அளவே பெண்ணுக்கும் அளவாயிற்று. அரசாங்கப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்க்க வேண்டுமென அந்நாட்டின் சட்டசபை சட்டம் இயற்றியது 1993இலேதான். சொல்பிடெம் என்னும் நித்திரை மருந்தைப் பெண்களின் உடல் ஆண்களின் உடலைவிட மெதுவாகவே வெளியேற்றுகின்றது. மறுநாட் காலை வாகனம் ஓட்டுவதற்கே ஆபத்தாகுமளவுக்கு அது குருதியில் எஞ்சி நிற்கக்கூடும். பெண்களுக்குரிய அளவைப் பாதியாக்கும்படி பணிக்கப்பட்டது 2013இல். அதற்கு முன்னர் இருபது ஆண்டுகளாக அம்மருந்து கடைகளில் விலைப்பட்டுக்கொண்டிருந்தது!

பெண்களைச் சேர்த்துவிட்டாற் போதுமென்றும் கொள்வதற்கில்லை. பெண்கள் அனைவரும் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவரல்லர். ஆசிய மக்களுக்கு, ஐரோப்பியருக்கு வகுத்த உடற்பருமன் எல்லையைத் தொடுமுன்னரே நீரிழிவின் அபாயம் தொடங்கிவிடுகின்றது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. 25 என்ற எண்ணுக்குக் காத்திராமல் 23இலேயே எச்சரிக்கை கொள்ளுமாறு அது ஆலோசனை கூறிற்று. வலிகாமத்துச் செம்மண்ணுக்கும் பரந்தன் வயலின் களிமண்ணுக்கும் ஒரே பசளையை ஒரே அளவில் இடச் சொல்பவனை நம் கமக்காரர் ஏளனம் செய்வர். மனித உடல் விடயத்தில் மாத்திரம் அந்த யோசனையை ஏற்றுக்கொண்டிருக்கின்றோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குடும்ப சுகாதாரம் பற்றிக் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் நடத்தும் பெரிய மாதிரி அளவீடே கொள்கை வகுப்போரின் கைவிளக்கு. 1987இலும் 1993இலும் நடந்த அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ விடுபட்டன. 2006-07 அளவீட்டிலும் வட மாகாணம் இல்லை. இருபத்தைந்து மாவட்டங்களும் ஒருங்கே இடம்பெற்றது 2016இல். குடிசன மதிப்போ 1981க்குப் பின்னர் நாடு முழுவதும் நிறைவாக நடந்தது 2012இலேதான். போர் நடந்தது, ஆட்கள் செல்ல முடியவில்லை என்பது உண்மை. ஆயினும் அந்த ஆண்டுகளில் ‘தேசிய’ என்ற பெயர் தாங்கி வெளிவந்த எண்கள், ஒரு பெரும்பகுதிப் பெண்களின் சாட்சியத்தைக் கேளாமல் எழுதப்பட்ட தீர்ப்புகளே. ஒரு பெண் குழந்தை பிறந்து, வளர்ந்து, தானும் தாயாகும் காலம் கடந்துவிட்டது. அக்காலம் முழுவதும் வன்னிப் பெண்ணின் குருதிச்சோகை எந்தத் தேசிய அட்டவணையிலும் இல்லை.

மலையகத்தின் கதை வேறு. அங்கே எண்கள் இருக்கின்றன, பார்ப்பாரில்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர் தலையில் வைத்தது. 1948, 1949 சட்டங்கள் அம்மக்களின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தபின், அவர்களுக்காகக் கேள்வி கேட்க வேண்டிய தேவை சட்டசபையில் எவருக்கும் இல்லாதொழிந்தது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்தது 2003இல்! 2016 அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் நூற்றுக்குப் பதினேழு. தோட்டங்களிலே ஏறத்தாழ முப்பத்திரண்டு. குறுகி வளர்ந்த சிறுமியே நாளை எடை குறைந்த குழந்தையைப் பெறும் ஆபத்துக்கு ஆளாகும் தாய். இதனை அறிந்தும் கொழும்பு பதறாமைக்குக் காரணம் எளியது. தோட்டத்தில் வாழ்வோர் மொத்தக் குடிசனத்தில் நூற்றுக்கு நான்கைச் சிறிதே தாண்டுகின்றனர். அவர்களின் நிலை எவ்வளவு இழிந்தாலும் தேசியச் சராசரி அசையாது. சராசரி என்பது குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சி. அதனை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது.

கொழுந்து பறிக்கும் பெண் வேலைநாளிலே சிகிச்சை நிலையத்துக்குச் சென்றால் அன்றைய பேர் போயிற்று. நண்பகலில் திரும்பினால் அரைப் பேர். ஆகவே அவள் போவதில்லை. சிகிச்சை நிலையத்தின் வரவுப் புத்தகத்தை மட்டும் புரட்டும் ஆய்வாளர், அங்கே நோயே இல்லை என்று முடிவு கட்டக்கூடும்.

மொழியும் இங்கே வழக்குக்குரிய பொருளாகின்றது. கணவனை இழந்து குடும்பம் தாங்கும் முல்லைத்தீவுப் பெண்ணிடம் ‘உமக்கு மனச்சோர்வு உண்டா?’ என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாவைத் தொடுத்தால், இல்லை என்பாள். ‘கன யோசனையோ, பிள்ளை?’ என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள். காத்தான்குடியின் முஸ்லிம் பெண்ணுக்கும், மன்னார்க் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும், பதுளைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பது தமிழ் மொழி. நோயும் தொழிலும் வெட்கமும் பொதுவல்ல. ‘தமிழ் பேசும் பெண்கள்’ என்று ஒரே கட்டத்துள் அடைப்பதும் இன்னொரு சராசரியேயாம். இதனை நம்மவருக்கே கூறுகின்றோம்.

வேறு வழி உண்டா? உண்டு. இங்கிலாந்தில் 2004இல் தோன்றிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு, நோயாளரையும் அவரைப் பராமரிப்போரையும் வைத்தியரையும் ஒரே மேசையில் அமர்த்தி, விடை காணப்படாத வினாக்களுள் முதற் பத்தையும் அவர்களே தெரிந்தெடுக்கச் செய்கின்றது. கருப்பையின் உள்மடிப்புத் திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து மாதந்தோறும் வருத்தும் நோய்க்கு 2017இல் அவ்வாறு ஒரு பட்டியல் வகுக்கப்பட்டது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுள் பத்தில் ஒருவரை அந்நோய் பற்றுகின்றதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. நம் வீடுகளிலே அதற்கு வழங்கும் மருந்து, ‘பொம்பிளைப் பிள்ளை எண்டால் பொறுக்கத்தான் வேணும்’ என்ற வார்த்தை. ஆயினும் மேசை போட்டுவிட்டால் எல்லோரும் வந்துவிட மாட்டார்கள். ஓய்வும் படிப்பும் உள்ளவரே முதலில் வந்தமர்வர். நம் நாட்டில் அம்மேசை ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலுக்கும், அறுவடை ஓய்ந்தபின் கமத்துக்கும் போக வேண்டும்.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும், மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் இப்பணிக்குத் தகுதி வாய்ந்தவை. அவற்றை ஒன்றுகூட்டும் முயற்சியில் நம் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் இறங்க வேண்டும். மருத்துவமாதரைத் துணைக்கு அழைக்க வேண்டும், அவர்களிடம் உள்ள அறிவு எந்த நூலகத்திலும் இல்லை. நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு எடுக்கப்படும் நாளன்று எழுந்து கேட்கட்டும்: பெண்கள் நல ஆய்வுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு? மாவட்ட வாரியாகவும் தோட்டம், கிராமம், நகரம் என்ற பிரிவு வாரியாகவும் அது எங்கே செலவாயிற்று? ஆய்வுக்கு உட்படும் தமிழ்ப் பெண் கையொப்பமிடும் சம்மதப் பத்திரம் அவளுக்கு விளங்கும் தமிழில் இருக்கின்றதா? முடிவுகள் அவளுக்குத் திரும்ப அறிவிக்கப்படுகின்றனவா? அமைச்சர் தரும் விடையை நாம் இப்பத்திரிகையில் எழுத்துக்கு எழுத்து வெளியிடுவோம்.