சாரோயிட்: ஊதாக் கல்லுக்குள் அணுக்களின் வரிசை

சைபீரியாவின் முருன் மலைப்பகுதியில் சாரோயிட் என்னும் ஊதா நிறக் கனிமம் கிடைக்கிறது. உலகில் வேறெங்கும் அது கண்டெடுக்கப்படவில்லை. 1978இல் அதைப் புதிய கனிமம் என்று அறிவித்தார்கள். அதில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்பது அப்போதே தெரியும். ஆனால் அணுக்கள் எந்த ஒழுங்கில் அமைந்துள்ளன என்பது 2010இல்தான் தெரியவந்தது. ஏன் இவ்வளவு தாமதம்?

சாரோயிட் ஒரு சிலிக்கேட். சிலிக்கேட்டுகளின் அடிப்படைக் கூறு நான்முகி: நடுவே ஒரு சிலிக்கான், நான்கு மூலைகளிலும் ஆக்சிஜன். மூலை ஆக்சிஜனைப் பகிர்ந்துகொண்டு நான்முகிகள் இணையும். சில கனிமங்களில் அவை சங்கிலியாக நீளும். மைக்காவில் தகடாகப் பரவும். குவார்ட்ஸில் எல்லாத் திசைகளிலும் பின்னிக்கொள்ளும். கனிமத்தின் பண்புகள் பெரிதும் இந்த இணைப்பைப் பொறுத்தவை. எனவே தனிமங்களின் பட்டியல் மட்டும் போதாது.

படிகத்தில் ஒரே அணுத் தொகுதி முப்பரிமாணத்திலும் திரும்பத் திரும்ப வரும். அந்தத் தொகுதிக்கு அலகுக்கூடு என்று பெயர். படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அது குறிப்பிட்ட திசைகளில் மட்டும் வலுவாகச் சிதறி, புள்ளிகளாகப் பதிவாகும். இதுவே விளிம்பு விளைவு. 1912இல் லாவே குழுவினர் இதைக் காட்டினர். அடுத்த ஆண்டே பிராக் தந்தையும் மகனும் இதைக்கொண்டு படிக அமைப்புகளைக் கண்டறியத் தொடங்கினர். புள்ளிகளின் இடம் அலகுக்கூட்டின் அளவைத் தரும். அவற்றின் செறிவு, உள்ளே அணுக்கள் இருக்கும் இடங்களைப் பற்றிய செய்தியைத் தரும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையின் பதிவு. அலையின் வலிமை பதிவாகிறது. அதன் முகடு எங்கே தொடங்கியது என்னும் விவரம், அதாவது கட்டம், பதிவாவதில்லை. கட்டம் தெரியாமல் அணுக்களின் இடத்தைக் கணக்கிட முடியாது. செறிவுகளுக்கு இடையிலான கணிதத் தொடர்புகளிலிருந்தே கட்டத்தை ஊகிக்கும் வழிகளை ஹாப்ட்மன், கார்ல் இருவரும் வகுத்தனர். 1985இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சாரோயிட்டில் தடை அதற்கும் முன்பே வந்தது. அதன் படிகங்கள் சுமார் 200 நானோமீட்டர் தடிமனே உள்ள நார்கள். ஒற்றைப் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய இந்த அளவு போதாது. நார்க்கற்றையை ஆராய்ந்தால் பல படிகங்களின் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

எலக்ட்ரான் கற்றை இதற்கு வழி தந்தது. எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிரைவிடப் பல மடங்கு வலுவாக அணுக்களால் சிதறடிக்கப்படுகின்றன. ஆகவே ஒற்றை நாரே போதும். ஆனால் அதே காரணத்தால் ஒரே எலக்ட்ரான் படிகத்துக்குள் பலமுறை சிதறும், செறிவுகள் திரிந்துபோகும். கற்றையைச் சற்றே சாய்த்துக் கூம்பு வடிவில் சுழற்றினால் இந்தத் திரிபு குறைகிறது. படிகத்தைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒவ்வொரு நிலையிலும் பதிவெடுத்தால் முப்பரிமாணத் தரவு சேர்கிறது. ரஷ்ய, ஜெர்மானிய ஆய்வாளர்களின் கூட்டுக்குழு இவ்வழியில்தான் விடை கண்டது.

அலகுக்கூட்டின் பக்கங்கள் ஏறத்தாழ 3.2, 1.96, 0.71 நானோமீட்டர். அதற்குள் மூன்று வெவ்வேறு வகைச் சிலிக்கேட் சங்கிலிகள் இருந்தன. அவற்றில் இரண்டு குழாய் வடிவானவை. சங்கிலிகளைக் கால்சியமும் சோடியமும் இணைக்கின்றன. பொட்டாசியம் போன்ற பெரிய அணுக்களும் நீர் மூலக்கூறுகளும் இடைவெளிகளில் தங்குகின்றன.

இது நேரில் பார்த்த காட்சியன்று. அளந்த செறிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட மாதிரி. எலக்ட்ரான் முறையில் கணக்குக்கும் அளவீட்டுக்கும் இடையிலான வேறுபாடு, பொதுவாக எக்ஸ் கதிர் முறையில் இருப்பதைவிடக் கூடுதல். எனவே சங்கிலிகளின் இணைப்பை உறுதியாகவும், நீர் போன்ற நுண் விவரங்களைச் சற்றுத் தயக்கத்தோடும் ஏற்பது நியாயம். முப்பது ஆண்டுத் தாமதத்தையும் அக்கறையின்மை என்று கொள்ள வேண்டியதில்லை. நாரின் அளவுக்கு ஏற்ற கருவிமுறை பிந்தியே வளர்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.