கடிகாரத்துக்கு மாநில எல்லை எதற்கு?

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கூலங்கட்டா, ட்வீட் ஹெட்ஸ் என்று இரண்டு ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவே பவுண்டரி தெரு. ஒரு பக்கம் குயின்ஸ்லாந்து, மறுபக்கம் நியூ சவுத் வேல்ஸ். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஞாயிறன்று அதிகாலை 2 மணிக்கு நியூ சவுத் வேல்ஸ் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும். குயின்ஸ்லாந்து தள்ளாது. அன்றிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை தெருவின் குயின்ஸ்லாந்துப் பக்கம் காலை 8 என்றால் எதிர்ப்பக்கம் 9. வீடு ஒரு மாநிலத்திலும் வேலை இன்னொரு மாநிலத்திலுமாக வாழ்பவர்கள், மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்தாலும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் கிளம்பினாலும், எந்த மாநிலத்து நேரம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோல்டு கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதையே இந்த எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. புத்தாண்டு இங்கே ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பிறக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். குடியிருப்பவர்களுக்கு ஆறு மாதத் தொல்லை.

ஆஸ்திரேலியாவில் நேரத்தை முடிவு செய்வது மாநிலங்களின் அதிகாரம். குளிர்காலத்தில் கண்டத்தின் பெருநிலத்தில் மூன்று நேர மண்டலங்கள்தான். கோடையில் அவை ஐந்தாகிவிடும். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா, தலைநகர்ப் பகுதி ஆகியவை பகலொளி சேமிப்பு நேரத்துக்கு மாறும். குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம், மேற்கு ஆஸ்திரேலியா மாறாது. கடல் நடுவே இருக்கும் லார்ட் ஹோவ் தீவு அரை மணி நேரம் மட்டும் மாற்றிக்கொள்கிறது.

இதைப் பார்த்து, நாடு முழுக்க ஒரே விதி வேண்டும் என்று சொல்கிறவர்கள் நிறைய. குயின்ஸ்லாந்துக்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்ற கேலியும் நெடுங்காலமாக இருக்கிறது. இரண்டுமே சரியல்ல. யார் எந்த அட்சரேகையில் வாழ்கிறார் என்று பார்த்தால் அது புரியும்.

நவீன ஆஸ்திரேலியாவில் பகலொளி சேமிப்பு ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது டாஸ்மேனியா. 1967 இல் கடும் வறட்சி. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த அந்தத் தீவில் நீர்த்தேக்கங்கள் வற்றின. மாலை வெளிச்சத்தை நீட்டினால் விளக்குச் செலவு குறையும் என்று கடிகாரத்தை மாற்றினார்கள். வறட்சி போனது, ஏற்பாடு நிலைத்தது. காரணம் எளிது. தெற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் அதன் தலைநகர் ஹோபார்ட்டில் டிசம்பர் மாதத்துப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். ஊர் உறங்கும்போது வீணாகும் விடியல் வெளிச்சத்தை மாலைக்கு மாற்றினால் அங்கே உண்மையான லாபம் உண்டு.

வடக்கே, குயின்ஸ்லாந்தின் வெப்ப மண்டலத்தில் இருக்கும் கெய்ர்ன்ஸில் அதே டிசம்பரில் பகல் சுமார் 13 மணி நேரம்தான். சேமிக்க என்ன இருக்கிறது? உள்நாட்டுச் சுரங்க நகரமான மவுண்ட் ஐசாவில் நிலைமை இன்னும் மோசம். மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனுக்கு மேற்கே ஏறக்குறைய 14 பாகை தள்ளி இருப்பதால், ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டிருந்தாலும் அங்கே சூரியன் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தாமதம். டிசம்பரில் மாலை 7 மணிக்குப் பிறகுதான் மறைகிறது. இன்னொரு மணி நேரத்தைக் கூட்டினால், 40 டிகிரியை எட்டும் வெயில் காலத்தில் பிள்ளைகள் தூங்கப் போகும் நேரம் வரைக்கும் வெளிச்சம் நிற்கும். பிரிஸ்பேனிலோ டிசம்பரில் காலை 5 மணிக்கு முன்பே விடிந்து, மாலை 7 மணிக்குள் இருட்டிவிடுகிறது. அலுவலகம் விட்டு வீடு சேர்ந்தால் கடற்கரைக்குப் போக வெளிச்சம் இல்லை.

ஆக, ஒரே மாநிலத்துக்குள் இரண்டு நியாயங்கள். 1989 முதல் மூன்று கோடைகள் சோதித்துப் பார்த்துவிட்டு, 1992 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து வாக்கெடுப்பு நடத்தியது. 54.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிரிஸ்பேன் இருக்கும் தென்கிழக்கு மூலை வேண்டும் என்றது, வடக்கும் மேற்கும் மறுத்தன. மாநிலம் முழுவதையும் ஒரே பெட்டியில் எண்ணியதால் தென்கிழக்கு தோற்றது. இன்று மாநில மக்களில் பத்துக்கு ஏழு பேர் வாழ்வது அந்த மூலையில்தான். மறுபடி அதே முறையில் வாக்கெடுத்தால் கெய்ர்ன்ஸும் மவுண்ட் ஐசாவும் தோற்கக்கூடும். அதுவும் நியாயமாகாது.

பொருந்தாத நேரத்தை மேலிருந்து திணித்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்திருக்கிறது. டாஸ்மேனியாவைப் போலவே வறட்சியும் நீர்மின் தட்டுப்பாடும்தான் அங்கும் காரணம். 1996 மே மாதம் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி குறைத்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவு அது. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்பினார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ மாற்றத்தை ஏற்கவே இல்லை. ஒரு சின்னத் தீவில் பழைய நேரம், புதிய நேரம் என இரண்டு. 2002 இல் வடக்கே செல்லும் ஏ-9 வீதி திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் புலிகள் வசமிருந்த வன்னிக்குள் போனவர்களுக்கு மணி அரை மணி நேரம் பின்னால் போனது. 2006 ஏப்ரலில்தான், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது.

மாநில எல்லையும் நேர எல்லையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அதற்குச் சான்று நியூ சவுத் வேல்ஸிலேயே இருக்கிறது. மேற்குக் கோடியில் உள்ள சுரங்க நகரம் பிரோக்கன் ஹில், தன் தலைநகர் சிட்னியின் நேரத்தை விட்டுவிட்டு அண்டை மாநிலத் தலைநகர் அடிலெய்டின் நேரத்தில் இயங்குகிறது. 1880களிலேயே அடிலெய்டுப் பக்கம் ரயில் போய்விட்டது. சிட்னியுடன் ரயில் இணைந்தது 1927 இல். வணிகமும் போக்குவரத்தும் எங்கேயோ, நேரமும் அங்கே. நூறாண்டுக்கு மேலாகியும் இதனால் மாநில நிர்வாகம் குலைந்துவிடவில்லை.

அதுபோலக் குயின்ஸ்லாந்தையும் இரண்டு நேர மண்டலங்களாகப் பிரித்தால் எல்லை வேறோர் இடத்துக்கு நகரும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். நகரத்தான் செய்யும். ஆனால் நெரிசலான இரட்டை ஊரின் நடுத்தெருவிலிருந்து, ஆள் நடமாட்டம் குறைந்த பண்ணை நிலத்துக்கு நகரும். பாதிப்பு எங்கே குறைவோ அங்கே கோடு போடுவதுதான் முறை.

குயின்ஸ்லாந்து அரசு மறுபடியும் வாக்கெடுப்பு நடத்தினால், மாநிலம் முழுவதற்கும் ஒரே கேள்வி வேண்டாம். தென்கிழக்கின் நேரத்தைத் தென்கிழக்கிடம் கேட்கட்டும், வடக்கின் நேரத்தை வடக்கிடம் கேட்கட்டும்.