பூதனையை யார் ஆடுவது?

பாலக்காட்டுக் காறல்மண்ணையில் 1936-இல் பிறந்த கோட்டக்கல் சிவராமன், கதகளியில் தமயந்தியாக ஆடியே பெயர் பெற்றவர். ‘பூதனாமோட்சம்’ ஆட்டத்தில் நஞ்சு பூசிய மார்போடு வரும் பூதனை, குழந்தைக் கண்ணனைக் கண்டதும் கண் கலங்கி, கையை நீட்டுவதும் இழுப்பதுமாகத் தவிப்பாள். அந்தத் தாய்மையையும் பெரும்பாலும் ஆண்களே ஆடிவந்தார்கள். பெண்மையும் தாய்மையும் மேடையில் பயிற்சியால் வருபவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அப்படியானால் ஆண்களே ஆடட்டுமே என்பார்கள். ஆண் உடல் தாய்மைக்குத் தடையில்லை என்றால், பெண் உடல் மட்டும் எதற்குத் தடை? உடுத்துக்கட்டு எனும் கனத்த பாவாடையையும் கிரீடத்தையும் பெண்கள் தாங்கமாட்டார்கள் என்பது வெறும் சாக்கு. திருப்பூணித்துறைப் பெண்கள் குழு 1975 முதல் அவற்றைச் சுமந்தே ஆடிவருகிறது. பாரதப்புழைக் கரையிலுள்ள கலைப்பள்ளியான கேரள கலாமண்டலமோ மாணவிகளைக் கதகளி வகுப்பில் சேர்க்க 2021 வரை காத்திருந்தது. படித்து வரும் அந்தப் பெண்களுக்குப் பாலக்காட்டுக் கோயில் அரங்குகள் பூதனை வேடத்தை இப்போதே கொடுக்க வேண்டும்.